கஸ்தூரிக்கு வந்தது இரண்டாவது வகை

கஸ்தூரி முதன்முதலாக எனக்குப் போன் செய்தபோது, கிள்ளான் பாசாரில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். இந்தியா எண். "நான் கஸ்தூரி பேசறேன். தனசேகரோட மொத சம்சாரம்" என்றது குரல்.

பெயரை அறிவேன். குரலைக் கேட்டதில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே கணவர். மண்ணூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு மலேசியா வந்தார். தனக்கென்று யாருமில்லை என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். அவர் இறந்த பிறகு, அவருடைய போனில் 'தம்பி' என்றிருந்த எண்ணை அழைத்துச் செய்தி சொன்னபோதுதான், ஊரில் ஒரு குடும்பம் இருப்பதே எனக்குத் தெரியவந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. அந்தாளு இன்னா வியாதில செத்தாரு?"

"உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"மஞ்சக்காமாலைன்னாங்க."

மீன்காரர் பையை நீட்டினார். நான் கை நீட்டவில்லை. "எச்.ஐ.வி.க்கா. எனக்கும் இருக்கு. உங்க கொழுந்தன்கிட்ட அப்பவே சொன்னேனே, அண்ணிய டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கன்னு. நீங்க எடுத்துட்டீங்க, ஒண்ணும் இல்லன்னு சொன்னாரே."

அந்தப் பக்கம் லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது.

"எனக்கும் கீதும்மா. இப்பத்தான் கண்டுபுடிச்சாங்க. ஊரு இன்னா பேசுது தெரியுமா? அந்தாளு மலேசியா போயி இருவது வருசத்துக்கு மேல ஆவுது, இப்ப எப்படி வரும்னு கேக்குது. எம் பொண்ணே அப்படித்தான் கேக்குறா. போன்ல சொன்னா எவ நம்புவா? நீ நேர்ல வந்து சொல்லு."

கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை எனக்கு. உறவுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை. ஆனால் என்ன உறவு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

*

சென்னையில் இறங்கிய முதல் நாளே தாம்பரத்திலிருந்து படப்பைக்கு ஷேர் ஆட்டோ. எங்கள் ஊரில் மூன்று பேர் உட்காரத் தயங்கும் இடத்தில் இங்கே எட்டுப் பேர் உட்கார்ந்து, ஒன்பதாவது ஆளுக்கும் வாகாக இடம் விட்டார்கள். என் மடியில் என் பெட்டி, பெட்டியின் மேல் யாருடையதோ ஒரு மிக்சி. பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டதாம். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, "லேடீஸ் குந்திக்கினு இருங்க, ஜென்ட்ஸ் எறங்கித் தள்ளுங்க" என்றார். பக்கத்திலிருந்த இளைஞன் முனகிக்கொண்டே இறங்கினான். பரமக்குடிப் பக்கம் ஊராம், நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தாம்பரம் போய்த் திரும்புகிறான். "தூங்கி ரெண்டு நாளாச்சுக்கா. இதுல வண்டிய வேற தள்ளணுமாக்கும்" என்றான். தள்ளினான். கன்டெய்னர் லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின.

சாலையோரமெல்லாம் மனைப் பிரிவு விளம்பரங்கள். கம்பெனி பஸ்களில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள். கிள்ளானிலும் தொழிற்சாலை பஸ்கள் இப்படித்தான் போகும். உள்ளே இருக்கிற முகங்கள் வங்காளதேசத்து, நேப்பாளத்து முகங்கள். இங்கே எல்லாம் தமிழ் முகம், ஆனாலும் அதே தூக்கம்.

கஸ்தூரி அக்கா படப்பையில் ஒரு வரிசை வீட்டின் கடைசி அறையில் இருந்தார். மண்ணூர் வீட்டிலிருந்து கொழுந்தன் குடும்பம் அனுப்பிவிட்டது. நான் எலும்பும் தோலுமாக ஒருவரை எதிர்பார்த்துத்தான் போனேன். ஆனாலும் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கன்னம் ஒட்டி, நாக்கில் வெள்ளை படிந்து, சேலைக்குள் ஆளே இல்லாததுபோல் இருந்தார். ஒரகடத்தில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை செய்தவர். வருடக்கணக்கில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லையாம்.

"நீதானா" என்றார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நல்லாத்தான் கீற."

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

வாசலில் தண்ணீர்க் குழாய் ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா என்னிடம் வந்து, "நீங்க மத்த குழாயில புடிச்சுக்கலாம், இது அந்தம்மாவுக்குன்னு தனியா வுட்டது" என்றார். எனக்கும் இதே குழாய்தான் என்று சொல்லிவிட்டுச் சிவப்புத் துணிக் குழாயில் குடத்தை வைத்தேன். அந்தம்மா முகம் மாறியது. அன்று மாலையே மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லித் தகவல் வந்தது.

எதிர்க்கடையில் இட்லி வாங்கி வந்தேன். எங்கள் ஊர்க் கடைகளில் இட்லி கல்லாய்க் கிடக்கும், கறிக்குழம்பு ஊற்றித்தான் உள்ளே தள்ளுவோம். இது பஞ்சு. ஆனால் அக்காவால் அரை இட்லிக்கு மேல் விழுங்க முடியவில்லை. தொண்டையெல்லாம் புண். தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்று நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

*

மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அவரோடு போனேன். வாடகைக் காரை அமர்த்தினோம். ஓட்டுநர் வழியெல்லாம் அரசியல் பேசினார். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து கொடுக்கும் பிரிவின் பெயரைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டார். இறங்கிக் கொஞ்சம் நடந்து திரும்பிப் பார்த்தேன், பின்சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் இளம்பெண். கஸ்தூரி அக்காவை எடை பார்க்க அனுப்பிவிட்டு, நான் யார் என்று கேட்டார். சொன்னேன். எனக்கிருப்பதையும் சொன்னேன். கிள்ளான் மருத்துவமனையில் அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு டாக்டர் சொன்னதையும் சொன்னேன்: "உன் கணவருக்கு ரெண்டு வகைக் கிருமியும் இருக்கு. உனக்கு முதல் வகை மட்டும்தான்." அப்போது அது எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. பாம்பு கடித்து விழுந்தவளுக்கு, புற்றில் இன்னொரு பாம்பும் இருந்தது என்று சொன்னால் என்ன ஆகப்போகிறது?

மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவங்களுக்கு ரெண்டாவது வகை மட்டும்தான் இருக்கு. பெரிய லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணியாச்சு."

பிறகு பொறுமையாக விளக்கினார். இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமிகள்தான். முதல் வகை உடம்பில் வேகமாகப் பெருகும். மருந்தில்லாவிட்டால் பெரும்பாலானவர்களை ஏறக்குறைய பத்து வருடத்தில் படுக்க வைத்துவிடும், சிலரை அதற்கு முன்பே. இரண்டாவது வகை மந்தமானது. ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் இருக்கும், எதிர்ப்புச் சக்தியை மெதுவாகத்தான் அரிக்கும். பதினைந்து, இருபது வருடம் ஒன்றுமே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. கடைசிவரை நோயே வராதவர்களும் உண்டு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதும் முதல் வகையைவிடக் குறைவு.

"ஆனா எதிர்ப்புச் சக்தி ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா அதுக்கப்புறம் ரெண்டுக்கும் வித்தியாசம் கிடையாதும்மா. அதே டி.பி., அதே மூளைக் காய்ச்சல். இவங்களுக்கு ரொம்பக் கீழ போயிருச்சு. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்."

முன்னாடியே போயிருக்கிறார். அதுதான் கொடுமை. ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்து, கிருமியின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். 'கிருமி இல்லை' என்று வந்ததாம். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பரிசோதனை முதல் வகையை மட்டும்தான் எண்ணும். இரண்டாவது வகை உடம்பு முழுக்க இருந்தாலும் அதன் கண்ணில் படாது.

"இது அவர்கிட்டேருந்துதான் வந்ததுன்னு எழுதித் தர முடியுமா டாக்டர்?"

"அப்படி எழுத முடியாதும்மா. ஆனா இவ்வளவு வருஷம் ஆனதால அவர்கிட்டேருந்து வந்திருக்காதுன்னு யாராவது சொன்னா, அது தப்பு. இந்த வகைக்கு இவ்வளவு வருஷம் ஆகும்."

திரும்பும் வழியில் அதை அக்காவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இத எம் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லா ஒடம்பா இருந்தேன் தெரியுமா. ஒண்டி ஆளா ரெண்டு சிமெண்ட் மூட்டையத் தூக்குவேன்" என்றார்.

*

அக்காவின் மகள் நித்யா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. மூன்றாம் நாள் அவள் ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் போய் வாசலில் காத்திருந்தேன். வார்டன் உள்ளே விடவில்லை. அவளுடைய அறைத்தோழி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வெளியே வந்து பேசினாள். "நீங்க அவளுக்கு என்ன வேணும்க்கா? அவ ஒரு வாரமாச் சரியாவே சாப்பிட மாட்டேங்கா. நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சுல்லா. மாப்பிள்ள வீட்டுல இவ அம்மையப் பத்தி அசிங்கமாப் பேசிட்டாங்களாம். ராத்திரி பூரா போர்வைக்குள்ள அழுதுக்கிட்டே கெடக்கா."

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளைப் பார்த்ததும் யாரும் காட்டிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. தனசேகரின் நெற்றி, தனசேகரின் நடை. கழுத்தில் அடையாள அட்டை. நான் யார் என்று சொன்னதும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

எதிர் மெஸ்ஸில் உட்கார்ந்தோம். கூட்டமே இல்லை. எனக்குப் பொடி தோசை வந்தது. அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா தான் வரச் சொன்னாங்களா?"

"ஆமா."

"இன்னா சொல்லச் சொன்னாங்க? அப்பா தான் குடுத்துட்டுப் போனாருன்னா? அவரு போறப்ப எனக்கு ஒரு வயசு கூட ஆவலைங்க. எங்க லைன்ல ஒரு அக்கா வூட்டுக்காரரு இதுலதான் செத்தாரு. ஏழெட்டு வருசத்துல முடிஞ்சிடுச்சு. எங்கம்மா போன வருசம் வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க. நான் கூகுள்லயும் பாத்தேன். நீங்க இன்னா புதுசா சொல்லப் போறீங்க?"

சொன்னேன். அவள் அப்பாவுக்கு இரண்டு கிருமிகள் இருந்ததை, அதில் வேகமானது எனக்கு வந்ததை, மெதுவானது அவள் அம்மாவுக்குள் அவள் பிறந்த காலத்திலிருந்தே உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை. மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். எழுதித் தர முடியாது என்று சொன்னதையும் சேர்த்து.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஆளு. ரெண்டு பேருக்கு ரெண்டு விதமாவா?"

"ஆமாம்மா. என்னோடது அவசரக் கிருமி. அவர் இறந்தப்பவே எனக்கும் எதிர்ப்புச் சக்தி பாதி போயிருச்சு. அதனாலதான் உடனே தெரிஞ்சது, உடனே மருந்து ஆரம்பிச்சேன். உங்கம்மாவோடது பொறுமையா இருந்து ஏமாத்திருச்சு."

கெட்ட கிருமி வாய்த்தவள் தோசை தின்றுகொண்டிருக்கிறேன். சாதுவான கிருமி வாய்த்தவள் அரை இட்லியை விழுங்க முடியாமல் கிடக்கிறாள்.

"நான் தனியாப் போயி டெஸ்ட் எடுத்தேன்" என்றாள் நித்யா மெல்ல. "இல்லன்னு வந்துச்சு. அம்மாகிட்ட சொல்லவே இல்ல." டீக் கிளாசைக் கீழே வைத்தாள். "அப்பா செத்தப்பவே நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"உங்க சித்தப்பாகிட்ட சொன்னேன்."

நாற்காலி பின்னால் விழுந்தது. அதை எடுத்து வைக்காமல் வெளியே போனாள். நான் தொடர்ந்து போனபோது அறைத்தோழியின் ஸ்கூட்டியைக் கிளப்பி நின்றாள். "குந்துங்க."

*

மண்ணூருக்கு அந்த வண்டியில் போனது என் வாழ்க்கையில் மறக்க முடியாத பயணம். நெடுஞ்சாலையில் கார் ஏற்றிய நீள லாரிகளுக்கு நடுவே புகுந்து போனாள். ஒரு இடத்தில் பள்ளத்தில் இறங்கி இருவரும் சாயப் பார்த்தோம். எங்கள் ஊராக இருந்தால் போலீஸ் நிறுத்தியிருக்கும். இங்கே ஒரு லாரிக்காரர் தலையை நீட்டித் திட்டியதோடு சரி.

தனசேகரின் தம்பி ஏகாம்பரம் வீட்டை மாடி எடுத்துக் கட்டியிருந்தார். மேலே வாடகைக்கு வெளியூர்ப் பிள்ளைகள், கீழே தண்ணீர் கேன் வியாபாரம். என்னைப் படத்தில் பார்த்திருப்பார் போல, கண்டதும் வாய் நிறைய, "வாங்கண்ணி, வாங்க! சொல்லவே இல்லியே" என்றார். பின்னால் நின்ற நித்யாவைப் பார்த்ததும் கையிலிருந்த கேனை இறக்கி வைத்தார்.

"சித்தப்பா, எங்கப்பாவுக்கு இன்னா வியாதின்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"அம்மா டெஸ்ட் எடுத்துச்சுன்னு இவங்ககிட்ட ஏன் பொய் சொன்ன?"

"எப்படிம்மா போயி கேக்குறது? அண்ணங்காரன் வியாதிய அண்ணிகிட்ட இன்னான்னு சொல்றது? நீ சின்னப் புள்ள. ஊர்ல தெரிஞ்சா ஒன்ன எவன் கட்டுவான்னு நெனச்சேன். சரி, ரெண்டு வருசம் பாப்போம்னு வுட்டேன். அண்ணி நல்லா இருந்துச்சு. அஞ்சு வருசம் பாத்தேன். இன்னும் நல்லா இருந்துச்சு. அண்ணன் அங்க போயி அப்புறமா வாங்கிக்கினான் போல, இவங்களுக்கு இல்ல, கடவுள் காப்பாத்திட்டாருன்னு நெனச்சிட்டேன்." குரல் உடைந்தது. "வேணும்னு செய்யலம்மா."

"அது சரி. அம்மாவுக்குன்னு தெரிஞ்சப்ப ஊரே அசிங்கமா பேசிச்சே. அப்பவாவது வாயத் தொறந்தியா? எல்லாரோடயும் சேந்து நீயும் தான வூட்ட வுட்டு அனுப்புன?"

"அப்ப சொன்னா, இத்தினி வருசம் ஏன் மறைச்சேன்னு என்னையில்ல கேப்பாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் மனைவி காபியோடு வந்து நின்றார். யாரும் எடுக்கவில்லை.

*

மறுநாள் காலையில் கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டார். வாந்தி. கழுத்து விறைத்திருந்தது. நித்யா வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். ஆம்புலன்சில் அவள் மடியில்தான் அம்மாவின் தலை. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை உறையில் காளான் கிருமி என்றார்கள். இதைக் கொஞ்சம் அடக்கிய பிறகுதான் கூட்டு மருந்தையே ஆரம்பிக்க முடியுமாம்.

மருந்து ஏறியதும் இரண்டொரு நாளில் நினைவு வந்து வந்து போயிற்று. அப்படி ஒரு பொழுதில் நித்யா குனிந்து, "அம்மா, எல்லாம் தெரிஞ்சிடுச்சும்மா. அப்பா தான்மா. நான் உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றாள். கஸ்தூரி அக்கா மகளின் தலையைத் தடவினார். "சாப்ட்டியா?" என்றார். அவருக்குப் புரிந்துதான் சொன்னாரா, தினமும் ஷிப்ட் முடிந்து போன் செய்யும் மகளைக் கேட்கிற கேள்வியா, தெரியவில்லை. நித்யா வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரில் முகத்தை வைத்து அழுதாள்.

ஏகாம்பரமும் வந்தார். கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று, "அண்ணி, மன்னிச்சிடு. நீ நல்லாத்தான இருந்த" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். "நான் எப்ப விழுவேன்னு பாத்துகினே இருந்தியாடா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லீவு முடிந்து நான் கிளம்பினேன். விமான நிலையத்தில் சுடச்சுட காபி வாங்கினேன், எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் டீயை விட நன்றாகவே இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நான் திரும்பிய சில வாரங்களில் கஸ்தூரி அக்கா போய்விட்டார். கூட்டு மருந்தைத் தொடங்கும் முன்பே. மண்ணூரில்தான் எடுத்தார்களாம். பிணத்தைத் தொடக் கூட்டம் தயங்கியபோது, நித்யா எழுந்து நின்று அப்பாவின் பெயரைச் சொல்லி, வியாதியின் பெயரையும் சொன்னாளாம். ஏகாம்பரம், "புள்ள சொல்றது நெஜம், எனக்குத் தெரியும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாராம். அதைச் சொல்ல அவருக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

போன வாரம் நித்யா போன் செய்தாள். காரியம் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களாம். தட்டில் பூ, பழம். "இனிமே ஒரு தொந்தரவும் இல்ல, தேதி குறிச்சிடலாம்" என்றாராம் அந்தப் பையனின் அம்மா.

"தொந்தரவுன்னு சொன்னாங்க சின்னம்மா. எங்கம்மாவ."

"நீ என்ன சொன்னே?"

"டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டுக் கெளம்புங்கன்னேன். அந்தப் பையன் வாசல்ல நின்னுகினு, 'ஏன் நித்யா, ஒனக்குத்தான் இல்லன்னு வந்துடுச்சே'ன்னான். எனக்கு இல்லங்குறதுக்காக நீ வர்றியா, அப்ப எனக்கு வந்தா எந்த வூட்டுக்கு அனுப்புவ நீன்னு கேட்டேன். வண்டிய எடுத்துகினு போயிட்டான்."

சிரித்தாள். சிரிப்பு எங்கோ நடுவில் அறுந்துபோனது. இருவரும் போனைப் பிடித்தபடியே இருந்தோம். அங்கே கம்பெனி பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் ஏறுவதற்காக அது நிற்கிறது என்று தெரிந்தும், போனை வை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.